நினைவு மலர் அச்சடித்துக் கொடுத்த கடை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சந்தில் மாடியில் இருக்கிறது அந்த அச்சகம். எங்கள் இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவ (ஐந்தாம் ஆண்டு) வகுப்பின் நினைவு மலரை அங்கேதான் அடித்தோம். 2020இல் முதலாம் படிவம் சேர்ந்தவர்கள் நாங்கள். மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் எல்லாரும் வீட்டோடு சரி. அந்த வருடத்துக்கு நல்ல படமே இல்லை. இணைய வகுப்பில் எடுத்த மங்கலான கூகள் மீட் படங்களைக் கடைக்கார அண்ணன் ஒதுக்கவில்லை. சின்னதாக்கி ஒரே பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர் போட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான். 2022இல், மூன்றாம் படிவத்தில் எழுத வேண்டிய பிடி3 அரசுத் தேர்வு ரத்தான சந்தோஷத்தில் நாங்கள் குதித்ததை ஆசிரியை எடுத்த படமும் தெளிவாக வந்திருக்கிறது.

அட்டை மெல்லியது, தடித்ததாகக் கேளுங்கள். அப்புறம், தமிழ் எழுத்து சிதையாமல் வருகிறதா என்று மாதிரிப் பக்கம் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.