ஐ20 என் லைனா, அல்ட்ராஸ் ரேசரா? கத்திரி வெயிலில் ஒரு பதில்

உசிலம்பட்டியில் இருக்கும் அத்தை மகன் புது வண்டி எடுக்கப் போகிறான். எஸ்யூவி வேண்டாம், வேகமாகப் போகிற ஹேட்ச்பேக்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறான். இந்தக் காலத்தில் அதற்கே அவன் முதுகில் தட்டிக்கொடுக்கணும். கையில் இருக்கிற காசுக்கு அவன் முன்னால் ரெண்டு வண்டிதான்: ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line), டாடா அல்ட்ராஸ் ரேசர். “மச்சான், நீங்க என் லைன் ஓட்டுறீங்க, உங்க ஃப்ரெண்டுகிட்ட ரேசர் இருக்கு. எதை எடுக்கட்டும், ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று போன் போட்டான். ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன், அவனைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் ஆகும்.

நான் வைத்திருப்பது ஐ20 என் லைன், அதில் மேல் மாடலான என்8, மேனுவல் கியர். 2024-இல் ஆடி கழிந்து ஆவணியில் எடுத்தது. ரேசர் அந்த ஜூன் மாதம்தான் வந்திருந்தது, ரெண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். திருநகரில் இருக்கும் நண்பர் ரேசரின் மேல் மாடலான ஆர்3 எடுத்தார். அவர் வண்டி என் கையிலும் என் வண்டி அவர் கையிலும் பலமுறை மாறியிருக்கின்றன.

எஞ்சின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரெண்டும் மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல், ரெண்டும் 120 பிஎஸ் குதிரைத்திறன். என் லைன் 998 சிசி, ரேசர் 1199 சிசி. இழுவிசை 172-க்கு 170 நியூட்டன் மீட்டர். தாளில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் என் லைனில் அந்த 172-உம் 1500 ஆர்பிஎம்மில் கிடைக்கிறது, ரேசரில் 1750-இல். 250 சுற்று என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் சிறுமலைக்கு ஒருமுறை ஏறிப் பார்க்கணும். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் வளைவுக்குள் போய், வேகம் விழுந்து, திரும்பி வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் என் லைன் உடனே பிடித்து இழுக்கும். ரேசரில் அந்த இடத்தில் ஒரு மூச்சு இழுக்கிற நேரம் காத்திருக்கணும், இல்லையென்றால் முதல் கியருக்கு வரணும். மேடேறி நேர் ரோட்டுக்கு வந்துவிட்டால் ரேசரும் சளைக்காது.

ஸ்டியரிங்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாகணும். நான் இந்த வண்டியை எடுத்ததே அதற்காகத்தான். ஊருக்குள் லேசாக இருக்கும், எண்பதைத் தாண்டினால் கையில் கனம் ஏறும். திண்டுக்கல் நாற்கர சாலையில் வாடிப்பட்டி தாண்டி ஓட்டும்போது ரெண்டு விரல் போதும், வண்டி கோட்டை விட்டு விலகாது. சாதாரண ஐ20-ஐ விட சஸ்பென்ஷன் இறுக்கம். ரோடு நன்றாக இருந்தால் அது வரம், ஊராட்சி வேகத்தடையில் அதுவே சாபம். நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ரேசரில் பின்னால் டிரம்தான். தினசரி ஓட்டத்தில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் சிறுமலையிலிருந்து என் லைனில் இறங்கும்போது, பத்தாவது வளைவுக்கு மேல் பிரேக் பெடல் முதல் வளைவில் எப்படி இருந்ததோ அப்படியே காலுக்குக் கிடைக்கிறது. அந்த நிம்மதிக்கு விலை போட முடியாது.

சைலன்சர் சத்தமும் அருமை. நத்தம் பறக்கும் பாலத்தில் காலையில் ஆளில்லாத நேரம், மூன்றாவது கியரில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள், தெரியும். பாலம் ஏழு கிலோமீட்டர் சொச்சம்தான், இன்னும் கொஞ்சம் நீளமாகக் கட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

இவ்வளவு நல்ல வண்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தும் எனக்கு மனசெல்லாம் சூடாக இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் வெயில். வெயில் மட்டுமில்லை, கறுப்பு.

ஸ்போர்ட்டி என்றால் உள்ளே முழுக்கக் கறுப்பாக இருக்கணும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? ஒரு கம்பெனி என்று இல்லை, எல்லோரும் இப்படித்தான். குடும்ப வண்டி என்றால் பீஜ், வேகமான வண்டி என்றால் கறுப்பு. டேஷ்போர்டு கறுப்பு, கதவு கறுப்பு, கூரைத் துணி கறுப்பு, சீட் கறுப்பு. என் வண்டியில் சிவப்புத் தையல், ரேசரில் ஆரஞ்சுக் கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். ரேசருக்கு வெளியேயும் கூரையும் பானெட்டும் கறுப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை. படத்தில் பார்க்க ரொம்ப அழகு. போதாதென்று ரெண்டிலும் சன்ரூஃப். குளிர் ஊர்க்காரர்கள் வெயில் உள்ளே வரட்டும் என்று கண்டுபிடித்ததை, கோடையில் 40 டிகிரி தாண்டுகிற மதுரைக்காரனுக்கும் சேர்த்து மாட்டி அனுப்புகிறார்கள். சித்திரை, வைகாசியில் அந்தத் திரையைத் திறந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

என் பிழைப்பு போர்வெல் மோட்டார் வியாபாரம். திருமங்கலம், செக்கானூரணி, வாடிப்பட்டி என்று கடைகடையாகப் போகணும். எந்தக் கடை வாசலிலும் நிழல் கிடையாது. ஒரு மணிக்கு நிறுத்திவிட்டு உள்ளே போய், டீ குடித்து, பாக்கி வசூல் பேசிவிட்டு ரெண்டு மணிக்கு வந்து கதவைத் திறந்தால், இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது, அதற்கென்று ஒரு ஈரத்துண்டு வைத்திருக்கிறேன். சீட் பெல்ட் கொக்கியின் உலோகம் முழங்கையில் பட்டால் சுள்ளென்று இழுக்கும்.

சமாளிக்க வழி இருக்கிறது. ஏசியைப் போட்ட உடனே கண்ணாடியை ஏற்றாமல், நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டினால் உள்ளே அடைந்திருக்கிற சூடு வெளியே போய்விடும். பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுழலவிட்டால் சீக்கிரம் குளிரும். ஏசி பிரமாதமாக வேலை செய்கிறது, பின்சீட்டுக்கும் காற்று வருகிறது, அதில் எனக்குக் குறையே இல்லை. டார்க் ஃபிலிம் ஒட்டச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. முன் கண்ணாடி 70 சதவீதம் வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடி 50 சதவீதத்தையும் உள்ளே விடணும் என்பது விதி. காவல்துறைக்கு அபராதம் கட்டுவதற்காக நான் வண்டி வாங்கவில்லை.

ஆனால் ஏசி எங்கே படும்? முகத்திலும் நெஞ்சிலும் படும். முதுகுக்கு வராது. செயற்கைத் தோல் சீட் காற்றை உள்ளே விடாது, வியர்வை ஆவியாகப் போக வழி கிடையாது. அதிலும் என் லைன் சீட் வளைவில் உடம்பு ஆடாமல் ரெண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி செய்யப்பட்டது. சிறுமலையில் கும்பிட்டு வாங்கிக்கொண்ட அதே அணைப்பு, கோரிப்பாளையம் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து ஊரும்போது இடுப்பு வரை நனைத்துவிடும். கடைக்காரர் முன்னால் போய் இறங்கும்போது சட்டையின் முன்பக்கம் இஸ்திரி கலையாமல் இருக்கும், பின்பக்கம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். லட்சக்கணக்கில் கடன் சரக்கு பேசப் போகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

திருநகர் நண்பரின் ஆர்3-இல் முன்சீட் ரெண்டிலும் விசிறி இருக்கிறது. சீட்டுத் தோலில் ஊசித்துளைகள், அதன் வழியாகக் காற்றோட்டம். நியாயமாகச் சொல்லணும் என்றால், வெயிலில் நின்ற வண்டியில் முதல் சில நிமிஷம் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. உள்ளே இருக்கும் சூடான காற்றைத்தான் அதுவும் சுழற்றும். உள்ளே குளிர்ந்த பிறகுதான் அதன் அருமை. முதுகுக்கும் சட்டைக்கும் நடுவில் மெல்லக் குளிர் ஏறும். போன வாரம் மத்தியானம் அவர் வண்டியில் காளவாசலில் இருந்து நாகமலை புதுக்கோட்டை வரை போய் இறங்கினேன், சட்டை காய்ந்த சட்டையாகவே இருந்தது. அன்றைக்கு வந்த கோபம்தான் இன்னும் தணியவில்லை. என் லைன் எடுக்கும்போதே அதில் சீட் விசிறி இல்லை என்று தெரியும், தெரிந்தேதான் எடுத்தேன். ஸ்டியரிங்கை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் முதுகு தினமும் கேள்வி கேட்கிறது.

இனி காசு. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் சாலை வரி மாறியது, பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள வண்டிக்கு 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18. ரேசரின் அடி மாடலான ஆர்1 2024-இல் வந்தபோது விலை 9.49 லட்சம், என் லைனின் அடி மாடலான என்6 மேனுவல் 2023-இல் 9.99 லட்சம். ரெண்டும் அப்போது பத்து லட்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தன. சீட் விசிறி வருகிற ஆர்3 10.99 லட்சத்தில் வந்தது, கோட்டுக்கு அந்தப் பக்கம். அந்த அறிமுக விலைக் கணக்கில் ஆர்1-க்கும் ஆர்3-க்கும் ஒன்றரை லட்சம் வித்தியாசம், வரியில் இன்னொரு முக்கால் லட்சம் ஏறியது. ஆக ரெண்டேகால் லட்சம் கூடுதல். விசிறிக்கு மட்டும் இல்லை, 360 டிகிரி கேமரா, சன்ரூஃப் என்று மற்றதும் சேர்ந்து வரும். ஆனால் என் மாப்பிள்ளை விஷயத்தில் அந்தக் காசு விசிறிக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும். என்8 மேனுவலும் 11.22 லட்சத்தில் இறங்கியதால் அதற்கும் 18 சதவீதம்தான். மேல் மாடலுக்கு மேல் மாடல் பார்த்தால் ரேசர் கொஞ்சம் மலிவாக இருந்தது.

டிக்கி ரேசரில் பெரிது, 345 லிட்டர், என் லைனில் 311. கதவு 90 டிகிரி திறப்பதால் அத்தை ஏறி இறங்க ரேசர் சௌகரியம். மைலேஜ் ரெண்டிலும் கால் எப்படியோ அப்படித்தான். ஊருக்குள் எனக்குப் பன்னிரண்டைத் தொட்டாலே பெரிது, நாற்கர சாலையில் பதினேழு பதினெட்டு.

பாதுகாப்பை அவன் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். அல்ட்ராஸ் 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஐ20 2022-இல் மூன்று. ரெண்டுமே அப்போது ரெண்டு ஏர்பேக் உள்ள சாதாரண மாடல்கள், என் லைனில் இப்போது ஆறு ஏர்பேக் வருகிறது. இருந்தாலும் பின்சீட்டில் அத்தையை உட்காரவைத்து ஆண்டிபட்டி கணவாயில் லாரிகளுக்கு நடுவே போகப்போகிறவன் இந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

இனி அவன் ஓட்டப்போகிற ரோடு. உசிலம்பட்டியிலிருந்து மதுரை பேங்குக்குத் தினமும் வந்து போகிறான். காலையில் கருமாத்தூர், செக்கானூரணி வழியாகக் கிழக்கே பார்த்து வருவான், சூரியன் நேர் எதிரே. சாயங்காலம் மேற்கே பார்த்துத் திரும்புவான், மறுபடியும் சூரியன் நேர் எதிரே. ரெண்டு நேரமும் வெயில் முன் கண்ணாடி வழியாக நேராக நெஞ்சிலும் தொடையிலும் விழும், நடுவில் பகல் முழுக்க வண்டி வெட்டவெளியில் நிற்கும். தேனி ரோட்டில் வளைவு எத்தனை? சிறுமலைக்கு அவன் வருஷத்துக்கு எத்தனை தடவை ஏறப் போகிறான்?

ஓட்டுவதற்கு என் லைன்தான் மேல். ஸ்டியரிங், பிரேக், வளைவில் கிடைக்கும் இழுவை, சத்தம், எதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மாப்ள, நீ ஆர்3 எடு. மார்கழியில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ, நீ கத்திரியில் கேட்டுவிட்டாய்.

“அப்ப உங்க வண்டிய எனக்குக் குடுத்துட்டு நீங்க ரேசர் எடுங்களேன், புதுசுல பாதி காசு மிச்சம்” என்றான். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

புக் பண்ணுவதற்கு முன்னால் ஒன்று செய். ஷோரூமில் சாயங்காலம் வாங்க என்பார்கள், வண்டியை நிழலில் நிறுத்தி முன்கூட்டியே ஏசி போட்டு வைத்திருப்பார்கள். எனக்கும் ஒரு இடத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஒத்துக்கொள்ளாதே. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போ, வெயிலில் நின்ற வண்டியைக் கேள், பின்சீட்டில் அத்தையை உட்காரவை. ரெண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே சட்டையோடு, நாகமலை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.