கென்யாவா, கத்தாரா? கென்யாவில் பிறந்த ஓட்டக்காரர் முன் இரண்டு நாட்டுச் சட்டைகள்

இடம்: ஒலிம்பிக்கில் ஒரு பந்தயத்துக்கு ஒரு நாட்டிலிருந்து மூன்று பேர்தான். கென்யாவில் அந்த மூவரில் ஒருவராவதே பெரும்பாடு. கத்தாரில் போட்டி குறைவு.

பணம்: கத்தார்தான்.

காத்திருப்பு: பிறந்த நாட்டுக்கு ஓடினால் கிடையாது. மாறினால் மூன்று ஆண்டு; பழைய நாடு விட்டுக்கொடுத்தால் குறையும் என்பது அன்றைய விதி. கென்யாவின் ஸ்டீபன் செரோனோ 2003-இல் கத்தாருக்கு மாறி, சயிஃப் சயீத் ஷாஹீன் ஆகி, பாரிஸில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடைகளும் நீர்க்குழியும் தாண்டும் ஓட்டம்) உலகப் பட்டம் வென்றார். ஆனால் கென்ய ஒலிம்பிக் குழு சம்மதிக்கவில்லை, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் கைநழுவியது. அங்கே அந்தப் பந்தயத்தின் மூன்று பதக்கமும் கென்யாவுக்கே. அடுத்த மாதமே பிரஸ்ஸல்ஸில் அதே ஓட்டத்தை ஷாஹீன் 7 நிமிடம் 53.63 விநாடியில் முடித்தார், அன்றைய உலக சாதனை! நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

உறவு: பாரிஸில் அவருடன் பிறந்த ஆபிரகாமே கென்யச் சட்டையில் எதிரே ஓடினார்.

கென்ய அணித் தேர்வில் எப்போதும் நாலாவதாக வருபவர் தயங்காமல் மாறலாம். முதல் மூன்றுக்குள் வரக்கூடியவர், ஒலிம்பிக் தங்கம்தான் கனவு என்றால், கென்யாவிலேயே இருக்கட்டும்.