மேம் எமுலேட்டருக்கு எவ்வளவு வேகமான கணினி தேவை? நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பழைய ஆர்கேட் (நாணயம் போட்டு ஆடும் இயந்திர) விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட வைக்கும் மென்பொருளான மேம் எமுலேட்டரை, ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினிப் பலகையிலும் மேசைக் கணினியிலும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1997இல் வெளிவந்த இந்த மென்பொருள் அசல் வன்பொருளை இயன்றவரை துல்லியமாகப் போலச்செய்வதற்கே முதலிடம் தருகிறது. வேகம் அதற்கு அடுத்தபடிதான்.

1980இல் வந்த பாக்-மேனில் சுமார் 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே ஒரு இசட்80 ப்ராசஸர் இருந்தது. 1991இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 68000 ப்ராசஸரோடு ஒலிக்கென்று தனியாக ஒரு இசட்80ஐயும் வைத்திருந்தது. இரண்டும் ராஸ்பெர்ரி பையில் தங்கு தடையின்றி ஓடுகின்றன. காலகா விளையாட்டின் பலகையில் மூன்று இசட்80கள் ஒரே நேரத்தில் இயங்கின; மேம் அவற்றை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஓட்டி, நேரம் பிசகாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த வேலை பெரும்பாலும் ப்ராசஸருக்குள் இருக்கும் கணக்கிடும் பகுதிகளில் ஒன்றில், அதாவது ஒரே கோரில், நடப்பதால், கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே முக்கியமாகிறது.

பழைய விளையாட்டு என்றால் சுமை குறைவு என்றும் கருதிவிட முடியாது. 1972இன் பாங் விளையாட்டில் ப்ராசஸரும் இல்லை, நிரலும் இல்லை. அனைத்தும் லாஜிக் சிப்களால் ஆன சர்க்யூட். அதன் மின்னழுத்த மாற்றங்களையே மேம் கணக்கிட வேண்டியிருப்பதால், திரையில் இரண்டு மட்டைகளும் ஒரு பந்தும் மட்டுமே தெரிந்தாலும், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐவிட அதிக உழைப்பை அது கேட்கிறது. இந்த எமுலேட்டரில் என்னை மிகவும் வியக்க வைத்த பகுதி இதுவே.

முப்பரிமாண விளையாட்டுகள் வேறு ரகம். சான் ஃபிரான்சிஸ்கோ ரஷ் விளையாட்டின் பலகையில் எம்ஐபிஎஸ் வகை ப்ராசஸரும், படங்களை வரையும் 3டிஎஃப்எக்ஸ் வூடூ சிப்பும் உண்டு. வூடூ செய்த வேலையையும் மேம் கணினியின் ப்ராசஸரிடமே ஒப்படைப்பதால், விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இங்கே கைகொடுக்காது. இத்தகையவற்றை மேசைக் கணினியில் மட்டுமே இயக்குகிறேன்.

வாங்கிய கணினியைச் சோதிக்க, எஃப்11 விசையை அழுத்தினால், அசல் இயந்திரத்தின் வேகத்தை 100 எனக் கொண்டு, ஓடும் வேகம் சதவீதத்தில் தெரியும்; எஃப்10 வேகக் கட்டுப்பாட்டை நீக்கும். அப்போது 110 சதவீதம்தான் வருகிறது என்றால், திரையில் கூட்டம் சேரும் கட்டங்களில் ஒலி விட்டு விட்டுக் கேட்கும் வாய்ப்பு அதிகம். 200 சதவீதத்தைத் தாண்டினால் கவலையில்லை. பை 4 வைத்திருப்பவர்கள் பலகை நன்கு சூடேறிய பிறகும் ஒருமுறை சோதிக்க வேண்டும், ஏனெனில் வெப்பம் 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.