பிணக்கில் நின்ற சபைக்குள் ஆறு மாலைகள்: ஒப்புரவு அமர்வுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

பெண்கள் பிரசங்க பீடத்தில் நின்று போதிக்கலாமா என்ற கேள்வி எங்கள் சபையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்தது. யாரும் சபையை விட்டுப் போகவில்லை. ஆனால் திருவிருந்து ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், சிலர் சிலருடைய வரிசையைத் தவிர்த்து வேறு பக்கமாக நடந்தார்கள். அப்படி நடந்தவர்களில் நானும் ஒருவன். இந்நிலையில்தான் சபைப் பிணக்குகளுக்கு உதவும் ஒரு சிறு ஊழியக் குழுவை எங்கள் போதகர் அழைத்தார். குழுவிலிருந்து இருவர் நடத்துநர்களாக வந்து ஆறு மாலைகள் எங்களோடு அமர்ந்தார்கள். வேறு சபைகளில் இருப்போர் இப்படிப்பட்ட உதவியை நாடலாமா என்று யோசித்தால், எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை உள்ளபடியே அறிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் மாலை அறிமுகமும் ஜெபமுமாகக் கழிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டாம் மாலையில் அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தை எடுத்தார்கள். விசுவாசிகளான புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி ஆதிச் சபையை இரண்டாகப் பிளக்கக்கூடிய கேள்வி என்பதையும், எருசலேமில் கூடியவர்கள் அதை மழுப்பாமல் மிகுந்த தர்க்கத்தோடு பேசினார்கள் என்பதையும் முதலில் நிலைநிறுத்தினார்கள். அதன்பின் நான் பலமுறை வாசித்தும் நின்று கவனிக்காத ஒன்றைக் காட்டினார்கள். பேதுரு பேசி முடித்ததும் கூட்டம் அமைதியானது. பவுலும் பர்னபாவும் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். அவர்கள் முடிக்கும்வரை யாக்கோபு பேசவில்லை. தர்க்கத்துக்கும் தீர்மானத்துக்கும் நடுவில் அந்த அமைதி வந்தது. எங்கள் சபைக் கூட்டங்களில் தர்க்கமும் இருந்தது, தீர்மானமும் இருந்தது. அந்த அமைதிக்கு நாங்கள் ஒருநாளும் இடம் வைத்ததில்லை.

இந்த அமர்வுகளில் உள்ளபடி மதிப்புள்ள பகுதி மூன்றாம் மாலையும் நான்காம் மாலையின் முற்பாதியும்தான். எதைப் புசிக்கலாம் என்று விசுவாசிகளுக்குள் எழுந்த பிணக்கைப் பற்றிய ரோமர் 14ஆம் அதிகாரத்தை வைத்து, நடத்துநர் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணக் கூடாது என்கிறார் பவுல். புசியாதவனுக்கோ, புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்கிறார். இரு தரப்பாருக்கும் ஒரே எச்சரிப்பு கொடுக்கப்படவில்லை. சுதந்திரம் உண்டு என்று நினைக்கிறவனுக்கு வரும் சோதனை இளக்காரம். கட்டுப்பாடு வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு வரும் சோதனை நியாயந்தீர்ப்பு. நான் பெண்கள் போதிக்கலாம் என்ற தரப்பில் இருக்கிறவன். எதிர்த்தரப்பார் எங்களை வசனத்தை விட்டவர்கள் என்று தீர்ப்பது அன்பில்லாத செயல் என்று நான் பலமுறை குறைபட்டிருக்கிறேன். அவர்களைப் படிப்பில்லாதவர்கள் போல நான் பார்த்து வந்ததும் அதே அதிகாரத்தில் அதே வசனத்தில் கண்டிக்கப்பட்டிருக்கிறது என்பது அன்று மாலைதான் என் மனதில் தைத்தது.

அப்போது ஒரு மூப்பர் எழுந்து, ரோமர் 14 போஜனத்தையும் நாட்களையும் பற்றியது, சபை ஒழுங்கு அந்த வகையில் சேருமா என்று கேட்டார். சரியான கேள்வி. நடத்துநர் அதைத் தட்டிக்கழிக்காமல், இந்தப் பிரச்சினை அந்த வகையைச் சேர்ந்ததா இல்லையா என்பதே உங்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டின் ஒரு பகுதி, அதை இந்த அதிகாரம் தீர்த்துவைக்காது, நானும் தீர்க்க வரவில்லை என்றார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டாயிற்று.

அடுத்து வந்த பயிற்சி எளிமையானது, ஆனால் கடினமானது. எதிர்த்தரப்பின் நிலைப்பாட்டை, அவர்களே வாசித்துக் கையெழுத்திடச் சம்மதிக்கும் அளவுக்கு நேர்மையாக ஒரு தாளில் எழுத வேண்டும். எனக்கு இணையாக அமர்ந்தவர் அதே மூப்பர். உபதேசம்பண்ண ஸ்திரீக்கு உத்தரவில்லை என்கிற 1 தீமோத்தேயு 2:12ஐ மட்டும் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்துச் சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் இவர்கள் தடை சொல்லுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் பென்சிலால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "தம்பி, அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்" என்றார். ஆதாம் முதலாவது உருவாக்கப்பட்டான் என்று பவுல் சிருஷ்டிப்பைக் காரணமாகச் சொல்வதால்தான், அது ஒரு ஊருக்கோ ஒரு காலத்துக்கோ உரிய கட்டளை ஆகாது என்று தாம் நம்புவதாக விளக்கினார். இரண்டு வருடமாக அவரோடு வாதாடியிருக்கிறேன். அவருடைய வாதத்தின் அச்சாணி எது என்பதை அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் முறை எழுதியதும் திரும்பி வந்தது. மூன்றாம் முறைதான் கையெழுத்துப் போட்டார்.

அவர் என் தரப்புக்காக எழுதிய தாளையும் குறிப்பிட வேண்டும். அதில் ஆக்கில்லாவோடு சேர்ந்து அப்பொல்லோ என்ற போதகருக்குத் தேவனுடைய மார்க்கத்தை விளக்கிக் காட்டிய பிரிஸ்கில்லாளும், ஜெபம் பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற ஸ்திரீயைப் பற்றிய 1 கொரிந்தியர் 11:5உம் இருந்தன. இவை எனக்குப் பழக்கமானவை. அவற்றோடு அப்போஸ்தலர் 21:9இல் வரும், தீர்க்கதரிசனம் சொல்லுகிற பிலிப்புவின் நான்கு குமாரத்திகளையும் சேர்த்திருந்தார். நான் அதுவரை எந்த விவாதத்திலும் பயன்படுத்தாத வசனம் அது. தான் ஏற்றுக்கொள்ளாத ஒரு நிலைப்பாட்டுக்கு அவர் பலம் தேடிக் கொடுத்திருந்தார். மனத்தாழ்மை என்ற சொல்லைப் பிரசங்கங்களில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன்; அது எப்படி இருக்கும் என்று கேட்டால் இனி அந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கிகளான வெஸ்லியையும் விட்ஃபீல்டையும் பற்றிய ஒரு சிறு பகுதியும் நன்றாக அமைந்திருந்தது. இரட்சிக்கப்படுவோரைத் தேவன் முன்னமே தெரிந்துகொண்டார் என்கிற முன்குறித்தலைப் பற்றி இருவரும் பிரிந்தார்கள்; 1739இல் வெஸ்லி அதற்கு எதிராகப் பிரசங்கித்து அச்சிட்டார், விட்ஃபீல்ட் பகிரங்கமாக மறுமொழி எழுதினார். பிற்பாடு நட்பு திரும்பியது; 1770இல் விட்ஃபீல்ட் இறந்தபோது அவருடைய நினைவுப் பிரசங்கத்தை லண்டனில் செய்தவர் வெஸ்லி. உபதேசத்தில் அவர்கள் கடைசிவரை உடன்படவில்லை என்பதையும் நடத்துநர் மறைக்காமல் சொன்னார். இதுபோன்ற கதைகளை இனிமையாக முடிப்பதற்காக அந்தப் பாதியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இனி குறைகள். நான்காம் மாலையின் பிற்பாதியில் ஒரு சகோதரி எழுந்து, கட்டட நிதியின் கணக்கு இன்னும் சபைக்கு முன் வைக்கப்படவில்லை என்றும், கேட்டபோதெல்லாம் சமாதானத்தைக் கெடுக்கிறவள் என்று தனக்குப் பெயர் வந்தது என்றும் சொன்னார். நடத்துநர்கள் இருவரும் தடுமாறினார்கள். மன்னிப்பைப் பற்றி ஒரு வசனத்தைச் சொல்லி, எல்லாரையும் ஜெபத்துக்கு எழுப்பிவிட்டார்கள். இது பெரிய தவறு என்று கருதுகிறேன். கருத்து வேறுபாடு வேறு, குறை தீர்க்கப்படாமல் இருப்பது வேறு. ஆதிச் சபையில், அன்றாட உதவிப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விட்டுவிடப்பட்டார்கள் என்று கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர்கள் அவர்களைப் பொறுமையாயிருக்கச் சொல்லி அனுப்பவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடம் சொல்லி, அந்த ஏழு பேரிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். பவுலும் தருமப் பணத்தைக் கொண்டுபோகிற காரியத்தில் ஒருவரும் தன்மேல் குற்றஞ்சாட்டாதபடி எச்சரிக்கையாக இருந்ததாக 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். கணக்குக் கேட்ட சகோதரியை மன்னிக்கச் சொல்வதற்குமுன் கணக்கைக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாலைக்கு அவர் வரவில்லை.

ஐந்தாம் மாலையில் மத்தேயு 18ஐ எல்லாப் பிணக்குக்கும் ஒரே மருந்தாக வைத்ததும் எனக்கு ஒப்பவில்லை. தனித்துப் போய்ச் சொல்லுவது, ஒரு சகோதரன் மற்றொருவனுக்குச் செய்த குற்றத்துக்கான வழி. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகி மற்றவர்களையும் இழுத்தபோது, பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார். வெளியரங்கமாக நடந்ததை வெளியரங்கமாகப் பேச வேண்டிய நேரங்களும் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆறாம் மாலை முடிந்தபின் அவர்கள் தொடர்ந்து வருவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. அழைக்க விரும்புகிற சபைகள் இரண்டு காரியங்களை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது: சில மாதங்கள் கழித்து ஒருமுறை திரும்பி வர வேண்டும் என்பதும், பணமோ தகாத நடத்தையோ பற்றிய புகார் எழுந்தால் அதை அமர்வுக்குள் அடக்காமல் விசாரிக்கும் பொறுப்புள்ளவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும். இந்த இரண்டுக்கும் அவர்கள் இணங்கினால், உபதேச வேறுபாட்டால் பிரிந்து நிற்கும் சபைக்கு நான் மனதாரப் பரிந்துரைப்பேன். எங்கள் மூப்பர் குழு இப்போது அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. கணக்கும் அடுத்த சபைக் கூட்டத்தில் வைக்கப்படுகிறது.

அதே கூட்டத்தில்தான் பெண்கள் போதிப்பதைப் பற்றிய தீர்மானமும் வாக்குக்கு வருகிறது. நான் ஆதரித்து வாக்களிப்பேன், மூப்பர் எதிர்த்து வாக்களிப்பார். அதில் எங்கள் இருவருக்கும் மாற்றமில்லை. ஆனால் வாக்கெடுப்புக்கு முன் இரண்டு தாள்களும் சபைக்கு வாசிக்கப்படட்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். அவருடைய தரப்பை நான் வாசிக்க வேண்டும், என் தரப்பை அவர் வாசிப்பார். அதற்காக என் தாளை நான்காம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.