தகைவு, திரிபு முடிவுகளைச் சேமிப்பது: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடமாக எஃப்ஈஎம் (பாகத்தை எலிமெண்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) முடிவுக் கோப்புகளோடுதான் என் வேலை. உறுதியாக ஒன்று சொல்வேன்: தகைவையும் (ஸ்ட்ரெஸ்) திரிபையும் (ஸ்ட்ரெயின்) காஸ் புள்ளியில், அதாவது எலிமெண்டுக்குள் அவை கணக்கிடப்படும் இடத்தில், கிடைத்தபடியே, ஆறு கூறுகளையும் (மூன்று நேர், மூன்று ஷியர்) சேர்த்து வையுங்கள்.

தொடக்கத்தில் ஒரு பிராக்கெட்டுக்கு, இடம் மிச்சமாகட்டும் என்று வான் மிசஸ் மதிப்பை (ஆறு தகைவுக் கூறுகளையும் ஒரே எண்ணாகச் சுருக்கியது) மட்டும் வைத்திருந்தேன். பிறகு அதே பிராக்கெட்டுக்கு ஃபெடிக் ஆயுள் (திரும்பத் திரும்பச் சுமை ஏறினால் எவ்வளவு காலம் தாங்கும் என்பது) பார்க்க வேண்டி வந்தது. வான் மிசஸ் மைனஸில் போகாது. அந்த இடம் இழுபடுகிறதா அமுக்கப்படுகிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. முதன்மைத் தகைவுகளுக்காக (ஷியர் இல்லாத திசைகளில் உள்ள இழு, அமுக்கத் தகைவுகள்) கணக்கை முதலிலிருந்து ஓட்டினேன், மூன்று நாள் போயிற்று.

நோடுக்கு (எலிமெண்டுகள் சேரும் மூலைப் புள்ளி) கொண்டுபோய் சராசரி எடுத்த மதிப்பில் படம் வழவழவென்று வரும். ஆனால் இரண்டு உலோகம் சேரும் இடத்தில் அதை நம்பவே கூடாது. அலுமினியமும் எஃகும் ஒட்டிய பட்டையை நீளவாக்கில் இழுக்கிறோம், திரிபு 0.001 என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தில் தகைவு சுமார் 70 மெகாபாஸ்கல், எஃகில் 210. இரண்டுக்கும் பொதுவான நோடில் சராசரி 140 என்று காட்டும். அந்த 140 இரண்டு உலோகத்திலும் எங்கேயும் கிடையாது.

சரி, இடம்? எட்டு நோடு செங்கல் எலிமெண்டில் முழு இன்டக்ரேஷன் என்றால் 8 காஸ் புள்ளிகள். தகைவு 6, திரிபு 6, ஒவ்வொன்றும் டபுள் பிரிசிஷனில் 8 பைட். எலிமெண்டுக்கு 768 பைட். பத்து லட்சம் எலிமெண்டுக்கு ஒரு ஃபிரேம் (ஒரு கணத்தின் முடிவு) 768 மெகாபைட், 200 ஃபிரேம் 150 ஜிகாபைட்டைத் தாண்டும். சிங்கிள் பிரிசிஷனில் இது பாதி. ஏழு இலக்கத் துல்லியம் முடிவைப் படிக்கத் தாராளம்; கணக்கை நின்ற இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் கோப்புக்கு மட்டும் டபுளை விடமாட்டேன். முழு மாடலுக்கு இருபது ஃபிரேம் எழுதுகிறேன், ஃபில்லட் (உள்மூலை வளைவு) பகுதி எலிமெண்ட் செட்டுக்கு மட்டும் ஒவ்வொரு இன்கிரிமெண்டும் (கணக்கின் சிறு படி). ஃபெடிக்குக்கு வேண்டியது அதுதான்.

எச்டிஎஃப்5 என்ற கோப்பு வடிவத்தில் தரவைத் துண்டு பிரிப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். ஃபிரேம்வாரியாகப் பிரித்தால் கான்டூர் (வண்ணப் படம்) சட்டென்று வரும். ஒரே எலிமெண்டின் வரலாறு வேண்டுமென்றால் அத்தனை துண்டையும் திறக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் கூறுகளின் வரிசை. அபாகஸ் என்ற எஃப்ஈஎம் மென்பொருளின் ஸ்டாண்டர்ட் பிரிவில் ஷியர் கூறுகள் 12, 13, 23. அதன் எக்ஸ்பிளிசிட் பிரிவின் வியூமேட்டில் (பொருளின் நடத்தையை நாமே எழுதும் நிரல்) 12, 23, 13. எந்த வரிசை, எந்த ஆய அச்சு, லாக் திரிபா (நீள விகிதத்தின் மடக்கை), ஷியர் திரிபு காமாவா அதன் பாதியான எப்சிலானா என்பதைத் தரவோடு அதே கோப்பில் எழுதிவைக்கிறேன். இரண்டு வருடம் கழித்துத் திறக்கும்போது எண்களை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.