கேபினட் ஃபேன் வயரிங் கோளாறுக்கு மதர்போர்டு மாற்றியதாக 6,800 ரூபாய்: வேலூர் நண்பர்களுக்கு எச்சரிக்கை

வேலூரில் கணினியைச் சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். காட்பாடிப் பக்கம் உள்ள ஒரு சிறிய சர்வீஸ் கடையில் 6,800 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன்.

அந்தக் கடையில் தூசி தட்டி வாங்கி வந்த பிறகுதான் கோளாறே தொடங்கியது. ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தும், பயாஸ் திரையில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) பின்பக்க ஃபேனின் வேகம் 0 என்று நின்றது; முன்பக்க எண்ணோ நிலையில்லாமல் தாவியது. திரும்ப எடுத்துச் சென்றபோது கடைக்காரர் அந்தத் திரையையே எனக்குக் காட்டி, "வேகத்தை அளக்கிற சிப் போயிடுச்சு சார், நம்ம ஊர் கத்திரி வெயில்ல இப்படியே ஓட்டினா பிராசஸரும் போயிடும், போர்டை மாத்திடலாம்" என்றார். சந்தேகம் இருந்தால் வேறு கடையிலும் கேட்டுப் பாருங்கள் என்றும் அவரே சொன்னார். ஏமாற்ற நினைப்பவர் அப்படிச் சொல்வாரா என்று நம்பித்தான் 6,800 ரூபாயைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டால் அதே 0. ராணிப்பேட்டையிலிருந்து வந்த என் மைத்துனர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் எல்லாம் தெரிந்துவிட்டது. மூன்று ஊசி (3-pin) இணைப்புள்ள ஃபேனில் ஒரு கம்பி கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது கம்பிதான் சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் வீதம் போர்டுக்கு அனுப்பி வேகத்தைக் காட்டுகிறது. பின்பக்க ஃபேனை அவர்கள் போர்டில் மாட்டாமல், அடாப்டர் வைத்து பவர் சப்ளையிலிருந்து வரும் மோலக்ஸ் என்ற மின் இணைப்பில் மாட்டியிருந்தார்கள். அந்த வழியில் மின்சாரம் மட்டும்தான் வரும், வேகக் கம்பி எங்கும் சேராது. முன்பக்கத்து இரண்டு ஃபேன்களின் வேகக் கம்பிகளையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் (ஓர் இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் கேபிள்) இணைத்திருந்ததால் துடிப்புகள் கலந்து எண் தாவியது. பின்பக்க ஃபேனைப் போர்டில் மாட்டி, பயாஸில் டிசி முறைக்கு (வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) மாற்றியவுடன் நிமிடத்துக்கு 1,100 சுற்று என்று நிலையாகக் காட்டியது. இதற்கா 6,800 ரூபாய்? அதைவிடக் கொடுமை, போர்டில் இருந்த சீரியல் எண்ணும் என் பழைய போர்டின் அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றே. போர்டை அவர்கள் மாற்றவே இல்லை!

கேட்கப் போனால், முதலில் மெக்கானிக் ஊரில் இல்லை என்றார்கள்; பிறகு அட்டைப்பெட்டியே மாறியிருக்கும் என்றார்கள். பில் கேட்டதற்கு, 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகக் கட்டினால்தான் தர முடியும் என்றார் கடைக்காரர். இப்போது என் எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதே இல்லை.

வேகம் 0 என்று காட்டினாலும் ஃபேன் சுற்றினால், முதலில் அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்ப்ளிட்டரில் ஒரு ஃபேனின் வேகக் கம்பி மட்டுமே போர்டுக்குப் போக வேண்டும். கொடுக்கும் முன் போர்டின் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றியதாகச் சொன்னால் பழைய போர்டைக் கையில் வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் தராதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. என் புகாரை அங்கே பதிவு செய்யப் போகிறேன்.