சூரிய விளக்கும் எங்கள் பாடசாலையும்: பதினான்கு ஆண்டுப் பயன்பாட்டின் பின்

2010 நவம்பரில், போர் முடிந்து இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில் நாங்கள் மீள்குடியேறிய சில மாதங்களில், பாடசாலையின் தகரக் கூரை மீது வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று சூரியத் தகடு பூட்டித் தந்தது. 80 வாட் தகடு ஒன்று, 12 வோல்ற் 100 அம்பியர் மணி ஈய அமிலப் பற்றரி ஒன்று, பற்றரி அளவுக்கு மீறி நிரம்பாமலும் வற்றாமலும் காக்கும் மின்னேற்றக் கட்டுப்படுத்தி, 11 வாட் குமிழ்கள் நான்கு. அங்கே கணிதம் கற்பித்த நான்தான் அன்று முதல் அதன் பொறுப்பாளன்.

அதற்கு முன் மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கோடு வருவார்கள். ஒரு விளக்கைச் சுற்றி நான்கு தலைகள். வகுப்பு முடிந்து கிணற்றடியில் முகம் கழுவினால் மூக்கிலிருந்து கரி வரும். குமிழ் எரிந்த முதல் இரவில் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டி, மங்கிய வெளிச்சத்தில் வரி தவறி எழுதியதையெல்லாம் அழித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த உதவியை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். எனவே, இனிச் சொல்லப்போகும் குறைகளை நன்றி கெட்ட பேச்சாக யாரும் எடுக்க வேண்டாம்.

தகட்டைப் பற்றிக் குறையே இல்லை. காக்கை எச்சத்தை வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தோம். வேம்பின் கிளை ஒன்று தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுத்தியது. அந்தச் சிறு நிழலே மின்னேற்றத்தை வெகுவாகக் குறைத்தது. தகட்டின் கலங்கள் சங்கிலிபோல் தொடராக இணைந்திருப்பதால், ஒன்று நிழலில் விழுந்தால் மற்றவையும் தளர்ந்துவிடுகின்றன. கிளையை வெட்டினோம், சரியாயிற்று.

எங்களைப் படுத்தியது பற்றரிதான். 2011 ஏப்ரல் 2ஆம் திகதி, உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கையும் இந்தியாவும் மோதின. ஊரில் வேறு மின்சாரம் இல்லை. கட்டுப்படுத்தியைக் கழற்றிவிட்டு, பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேற்றர் வழியாகத் தொலைக்காட்சியைப் பற்றரியில் நேரே கொழுவி இரவுவரை பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் முகாமும் இடப்பெயர்வுமாக இருந்த சனத்திடம் "பார்க்காதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடிவரை வற்றிய ஈய அமிலப் பற்றரி முன்போல் மீள்வதில்லை. அது போதாதென்று, பற்றரிக்குள் நீர் குறைந்தபோது, உப்பு நீங்க வடித்தெடுத்த வடிநீருக்குப் பதிலாக யாரோ கிணற்று நீரை ஊற்றிவிட்டார்கள். 2012 யூலையில் பற்றரி செத்தது.

பூட்ட வந்தவர்கள் சுவிட்சைக் காட்டினார்களே தவிர, வடிநீர் என்ற சொல்லைக்கூட உச்சரிக்கவில்லை. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். திட்டக்காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. திறப்பு விழாவுக்கு வந்த வாகனங்களின் எரிபொருட் செலவை ஒதுக்கியிருந்தாலே ஒரு பற்றரிக்குப் பெரும்பங்கு தேறியிருக்கும் என்று அப்போது மனம் வெந்தது.

மீண்டும் குப்பி விளக்கு. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சை அந்நாட்களில் டிசம்பரில் நடந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசி, பெற்றோரிடம் மாதம் நூறு ரூபா சேர்த்தோம். நவம்பரில் புதுப் பற்றரி வந்ததும், பத்து மணிக்குப் பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் மட்டும், கைத்தொலைபேசி ஒன்றுக்கு இருபது ரூபா வாங்கி மின்னேற்றிக் கொடுத்தோம். அந்தக் காசு அடுத்த பற்றரிக்கென்று தனியாக வங்கியில் போனது. பதினோராம் ஆண்டு மாணவன் ஒருவன் தினமும் பற்றரியின் வோல்ற்றளவைக் கொப்பியில் குறித்தான். 12.2 வோல்ற்றுக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய பாதி மின்னேற்றத்துக்குக் கீழே போனால் அன்று இரண்டு குமிழ் மட்டும்.

இன்னொரு சங்கடம் எங்கள் வானத்துக்கே உரியது. முல்லைத்தீவு அடங்கிய வன்னிப் பகுதியில் மழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்நாட்களில் டிசம்பர்ப் பரீட்சைக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்த அதே வாரங்களில் அடைமழை. நான்கைந்து நாள் வெயில் முகமே தெரியாது. வருடச் சராசரி வெயிலை வைத்துக் கணக்குப் பார்த்தவர்களுக்கு இது பிடிபடவில்லை. 12 வோல்ற் குமிழ் பழுதானால் மாற்றுக் குமிழுக்கு யாழ்ப்பாணம்வரை பஸ் ஏற வேண்டும். பின்னர் 5 வாட் எல்.இ.டி. குமிழ்களுக்கு மாறினோம். செலவாகும் மின்சாரம் பாதிக்கும் கீழே இறங்கியதால் மழைநாட்களையும் ஒருவாறு கடத்தினோம்.

2013 கடைசியில் மின்கம்பி ஊருக்கு வந்தது. அயற்பாடசாலை ஒன்றின் தகடு அதோடு களஞ்சியத்தில் முடங்கியது. நாங்கள் கழற்றவில்லை. புயல்மழையில் கம்பி அறுந்த இரவுகளிலெல்லாம் எங்கள் மண்டபத்தில் வெளிச்சம் இருந்தது.

யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய தீவுகளுக்கு இந்திய நன்கொடையில் சூரிய, காற்று மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமானபோது, எத்தனை கிலோவாட் என்பதை விட, பத்து ஆண்டு கழித்துப் பற்றரி மாற்ற யாரிடம் பணம் இருக்கும் என்பதையே என் கண் தேடியது. நன்கொடை தர யாராவது உங்கள் பாடசாலைக்கு வந்தால், இரண்டாவது பற்றரிக்கான பணத்தை வங்கியில் இட்டுத் தரச் சொல்லுங்கள். ஊர்ப் பிள்ளைகள் இருவருக்குப் பழுதுபார்க்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள். கையேட்டைத் தமிழில் கேளுங்கள்.

இப்போது ஓடுவது மூன்றாவது பற்றரி. தகடு அன்று வந்த அதே தகடு. போன வாரம் நண்பகலில் கம்பியைக் கழற்றி அளந்தேன். 19 வோல்ற் காட்டியது; 12 வோல்ற் பற்றரியை மின்னேற்ற அது இன்னும் போதும்.